போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் ஜப்பானியர்களை எப்படிப் பார்த்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அது ஹிட்லரில் தொடங்கி ஹிரோஷிமாவில் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்களோ பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நான்கைந்து கேள்விகள் அடிப்படை. விவரம் தெரிந்தவர்கள் நேராக ஆறாவதுக்குப் போகலாம்.

1. அணுகுண்டு போட்ட நாடும் அதை வாங்கின நாடும் எப்படி சார் இவ்வளவு சீக்கிரம் ஃபிரெண்ட் ஆனாங்க?

எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஆகவில்லை. அமெரிக்க அரசுக்கு மூன்று வருடம் போதுமானதாக இருந்தது. 1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்தது, 1948-லேயே வாஷிங்டன் அதைக் கூட்டாளியாக வளர்க்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்கப் பொதுமக்களுக்குப் பத்துப் பதினைந்து வருடம் பிடித்தது. ஜப்பானியச் சிறையில் வாடித் திரும்பிய சிப்பாய்களில் பலர் கடைசிவரை மாறவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வாழ்ந்த ஜப்பானியர் வேறு, அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன. அமெரிக்கர்களே அப்படித்தான் குழப்பிக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

2. பேர்ல் ஹார்பருக்கு அப்புறம்தானே இந்த வெறுப்பெல்லாம்?

இல்லை. 1906-லேயே சான் பிரான்சிஸ்கோ பள்ளி நிர்வாகம் ஜப்பானியப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்குப் போகச் சொன்னது. 1913-இல் கலிபோர்னியா அவர்கள் நிலம் வாங்கத் தடை போட்டது. ஜப்பானில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது என்று 1922-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924 சட்டம் ஜப்பானியக் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது.

1941 டிசம்பர் 7 தாக்குதலில் ஏறத்தாழ 2,400 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த தீயில் அது எண்ணெய் ஊற்றியது.

3. ஜெர்மன்காரங்களையும் இதே மாதிரிதானே வெறுத்திருப்பாங்க?

ஜெர்மனி விஷயத்தில் ‘நாஜிகள் கெட்டவர்கள், சாதாரண ஜெர்மானியர் வேறு’ என்று பிரித்துப் பார்த்தார்கள். ஜப்பான் விஷயத்தில் அந்தப் பிரிவினை இல்லை. கேலிச்சித்திரங்களில் ஹிட்லர் ஹிட்லராகவே வருவார், ஜப்பானியர் குரங்காகவோ எலியாகவோ வருவார்கள். போருக்குப் பின் ஜப்பானை என்ன செய்யலாம் என்று 1944 டிசம்பரில் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் கேட்டபோது, ஜப்பானியர் அனைவரையும் கொன்றுவிட வேண்டும் என்றவர்கள் 13 சதவீதம். 1945 ஜூனில், சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவுக்கு மரண தண்டனை கொடுக்கச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு.

வெறுப்பின் ஆழத்துக்கு ஒரு சம்பவம் போதும். 1944-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் வால்டர் என்ற காங்கிரஸ் உறுப்பினர், கடிதம் பிரிக்கும் கத்தி ஒன்றை ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்குப் பரிசாகக் கொடுத்தார். அது இறந்துபோன ஜப்பானியச் சிப்பாயின் கை எலும்பில் செய்தது. செய்தி வெளியே வந்து சலசலப்பு ஆன பிறகு ரூஸ்வெல்ட் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வால்டர் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாவது கேள்வியில் மறுபடி வருவார்.

4. முகாம்ல அடைச்சாங்கன்னு சொல்றாங்களே, அது ஜப்பான் நாட்டுக்காரங்களையா?

பெரும்பாலும் அமெரிக்கர்களைத்தான். 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின்படி மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேயே பிறந்த குடிமக்கள். மீதிப் பேர் குடிமக்களாக இல்லாததற்குக் காரணம் மேலே சொன்ன 1922 தீர்ப்பு. விரும்பினாலும் அவர்களால் ஆகியிருக்க முடியாது.

கையில் எடுத்துவர முடிந்ததை மட்டும் எடுத்துவரச் சொன்னார்கள். கடை, படகு, விளைந்து நின்ற வயல் எல்லாம் வந்த விலைக்குப் போயின. முகாம்கள் தயாராகும்வரை சாண்டா அனிட்டா, டான்ஃபோரன் குதிரைப் பந்தய மைதானங்களில் பல குடும்பங்களைக் குதிரை லாயத்தில் தங்கவைத்தார்கள். அவசரமாக வெள்ளையடித்த சுவர்களிலிருந்து சாணி நாற்றம் போகவில்லை.

இது வெறும் பாதுகாப்பு நடவடிக்கைதான் என்று வாதிடுபவர்கள் ஹவாயைப் பார்க்க வேண்டும். குண்டு விழுந்ததே அங்கேதான். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். ஆனாலும் அங்கே ஒட்டுமொத்தமாக யாரையும் அடைக்கவில்லை. அடைத்திருந்தால் தீவின் பொருளாதாரமே நின்றிருக்கும். கலிபோர்னியாவிலோ அவர்களுடைய காய்கறித் தோட்டங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தன. தங்களுக்குச் சுயநலமும் உண்டு என்று சாலினாஸ் காய்கறி விவசாயிகள் சங்க நிர்வாகி ஒருவர் 1942-இல் ஒரு பத்திரிகையிடம் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

5. போர் முடிஞ்சதும் அவங்க வீட்டுக்குத் திரும்பிட்டாங்கல்ல?

கையில் 25 டாலரும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து அனுப்பினார்கள். வீடு இருந்தவர்கள் திரும்பினார்கள். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தால்? வாடகைக்குக் கொடுக்க ஆள் இல்லையென்றால்? ஏராளமானோர் கலிபோர்னியாவே வேண்டாம் என்று சிகாகோ பக்கம் போய்விட்டார்கள். திரும்பி வந்த சிலரின் வீடுகள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது.

ஆரிகன் மாநிலத்தில் ஹூட் ரிவர் என்ற ஊர். ராணுவத்தில் சேர்ந்த உள்ளூர்க்காரர்களின் பெயர்களை ஊர்ப் பலகையில் எழுதிவைத்திருந்தார்கள். 1944 நவம்பரில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, அதிலிருந்த 16 ஜப்பானியப் பெயர்களை அழித்தது. அந்தப் பதினாறு பேரில் ஒருவர் அடுத்த சில வாரங்களில் பிலிப்பைன்ஸ் போர்முனையில் அமெரிக்காவுக்காக உயிரைவிட்டார். நாடு முழுக்கக் கண்டனம் எழுந்து, சங்கத்தின் தலைமையே தலையிட்ட பிறகுதான் பெயர்களைத் திரும்ப எழுதினார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கண்டனம். முகாம்களைப் பற்றி வாய் திறக்காதவர்கள்கூட, போர்முனையில் இருப்பவன் பெயரை அழிப்பதைப் பொறுக்கவில்லை.

6. அப்போ 442 படைப்பிரிவோட வீரத்தைப் பார்த்துதான் மனசு மாறினாங்களா?

கணிசமான பங்கு அதற்கு உண்டு. 442 என்பது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர்களைக் கொண்ட படைப்பிரிவு. குடும்பம் முள்வேலிக்குள், மகன் இத்தாலியிலும் பிரான்சிலும் போர்முனையில். 1944 அக்டோபரில் பிரான்ஸ் மலைக்காட்டில் சிக்கிய டெக்சஸ் படையினர் 211 பேரை இந்தப் பிரிவு மீட்டது. அதற்காக அடிபட்ட, இறந்த தன் ஆட்கள் அதைவிடப் பல மடங்கு. 1946 ஜூலையில் மழையில் நின்று அணிவகுப்பைப் பார்வையிட்ட ஜனாதிபதி ட்ரூமன், நீங்கள் எதிரியோடு மட்டுமல்ல, துவேஷத்தோடும் போரிட்டு வென்றீர்கள் என்றார்.

வென்றார்களா என்பதை டேனியல் இனோயேவிடம் கேட்டிருக்க வேண்டும். இத்தாலியில் வலது கையை இழந்தவர். பதக்கங்கள் தொங்கும் சீருடையோடு ஊருக்குத் திரும்பும் வழியில், சான் பிரான்சிஸ்கோவில் முடிவெட்டக் கடைக்குள் போனார். ஜப்பானியனுக்கு இங்கே வெட்டுவதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர்தான் பின்னால் ஹவாயின் முதல் காங்கிரஸ் உறுப்பினராகி, 1963 முதல் 2012-இல் இறக்கும்வரை செனட்டராக இருந்தவர்.

‘ரத்தம் சிந்தி நிரூபித்தார்கள்’ என்ற வாசகம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. முதலில் எங்கள் குடும்பத்தை விடுவியுங்கள், அப்புறம் ராணுவத்துக்கு வருகிறோம் என்று சொன்ன இளைஞர்களும் ஹார்ட் மவுண்டன் முகாமில் இருந்தார்கள். 63 பேர் சிறைக்குப் போனார்கள். 1947-இல் ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார். சொந்தச் சமூகமோ அவர்களைப் பல பத்தாண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தது. ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2002-இல்.

7. ஜப்பானுக்குப் போன அமெரிக்க சிப்பாய்களுக்கு அங்க என்ன தோணுச்சு?

ஒவ்வொரு சந்திலும் கத்தியோடு பாய்வார்கள் என்று நினைத்துப் போனார்கள். கண்டதோ கருகிப்போன டோக்கியோவும் பசியில் வாடிய மக்களும். 1945 மார்ச்சில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் அந்த நகரில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு இறந்திருந்தார்கள். ஜீப்பைச் சுற்றிச் சாக்லேட் கேட்டு ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்தபின், பிரசாரப் படத்தின் குரங்கை நம்புவது கஷ்டம். 1952 ஏப்ரல்வரை நீடித்த ஆக்கிரமிப்பில் லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் அங்கே வேலை பார்த்துத் திரும்பினார்கள். ஊருக்குக் கடிதம் எழுதினார்கள், பட்டுத் துணி அனுப்பினார்கள். எந்தப் பிரசாரத்தைவிடவும் அது வேலை செய்தது என்பது என் கணிப்பு.

ஆனால் சமமாக நினைத்தார்களா என்றால் இல்லை. 1945 செப்டம்பர் 27 அன்று எடுத்த புகைப்படத்தைப் பாருங்கள். ஆக்கிரமிப்புக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மெக்ஆர்தர் கழுத்துப்பட்டைகூட இல்லாமல் இடுப்பில் கைவைத்து நிற்கிறார், பக்கத்தில் முழு விழா உடையில் ஹிரோஹிட்டோ விறைப்பாக நிற்கிறார். 1951-இல் செனட் விசாரணையில் மெக்ஆர்தர், நாகரிக அளவுகோலில் ஜப்பானியர் பன்னிரண்டு வயதுப் பையன் போல என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதுவரை அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஜப்பானியர்களுக்குச் சுருக்கென்று தைத்தது.

8. நிறைய பேர் ஜப்பான் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டு வந்தாங்களாமே? ஊர்ல ஏத்துக்கிட்டாங்களா?

முதலில் சட்டமே ஏற்கவில்லை. 1924 சட்டப்படி ஜப்பானிய மனைவி அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. 1947-இல் ஒரு மாத அவகாசம் கொடுத்துக் கதவைத் திறந்தார்கள், அதற்குள் கல்யாணம் செய்தவர்கள் மனைவியை அழைத்துவரலாம் என்று. நிரந்தர வழி 1952 சட்டத்தில்தான் பிறந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கப்பல் ஏறுவதற்கு முன் செஞ்சிலுவைச் சங்கம் ஜப்பானிலேயே வகுப்பு நடத்தியது. கேக் சுடுவது, குதிகால் செருப்போடு நடப்பது எல்லாம் பாடம்.

ஊரில் வரவேற்பு மாமியாரைப் பொறுத்தது. சில மாநிலங்களில் வெள்ளையரும் ஆசியரும் மணப்பதே குற்றமாக இருந்தது. கலிபோர்னியாவின் தடை 1948-இல் நீதிமன்றத்தில் விழுந்தது, கடைசிவரை தடையைப் பிடித்துக்கொண்டிருந்த மாநிலங்களில் 1967-இல்தான்.

9. உண்மையைச் சொல்லுங்க, எல்லாம் கம்யூனிஸ்ட் பயம்தானே?

அரசைப் பொறுத்தவரை ஆமாம். 1948-லிருந்து, ஜப்பானைத் தண்டிப்பதைவிட அதன் தொழிற்சாலைகளை ஓடவைப்பதுதான் முக்கியம் என்று கொள்கை திரும்பியது. 1949-இல் சீனா மாவோ கைக்குப் போனது. 1950-இல் கொரியப் போர் வெடித்ததும் அமெரிக்க ராணுவத்தின் ஆர்டர்கள் ஜப்பானுக்குக் குவிந்தன. நொடிந்துபோயிருந்த டொயோட்டா அப்போது லாரி செய்து கொடுத்துத்தான் மூச்சுவிட்டது.

கிஷி நொபுசுகே கதை இதற்கு நல்ல சாட்சி. 1941-இல் போர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அமைச்சர்களில் ஒருவர். போர்க்குற்றச் சந்தேகத்தில் மூன்று வருடம் சிறையில் இருந்து, வழக்கே இல்லாமல் 1948-இல் வெளியே வந்தார். 1957-இல் ஜப்பான் பிரதமராக வாஷிங்டன் வந்து ஜனாதிபதி ஐசன்ஹோவரோடு கோல்ஃப் ஆடினார். நியூயார்க் யாங்கி மைதானத்தில் முதல் பந்தை வீசியவரும் அவர்தான்.

இப்போது பிரான்சிஸ் வால்டர். ஜப்பானில் பிறந்தவர்களும் அமெரிக்கக் குடிமகன் ஆகலாம் என்று 1952-இல் முதன்முறையாக அனுமதித்த மெக்காரன்–வால்டர் சட்டத்தில் இருப்பது அதே வால்டரின் பெயர். எட்டு வருட இடைவெளி. மனிதர் மனம் திருந்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்தின் முழுக் கவனமும் கம்யூனிஸ்டுகளை வெளியே நிறுத்துவதில் இருந்தது, ஜப்பானுக்குக் கொடுத்த இடம் வருடத்துக்கு 185 பேர். ஆனால் அறுபது எழுபது வயதில் குடியுரிமைத் தேர்வு எழுத வரிசையில் நின்ற முதல் தலைமுறைக்கு, வால்டரின் உள்நோக்கம் எதுவாக இருந்தால் என்ன?

10. சமாதான மாநாட்டுல இலங்கை ஜப்பானுக்காகப் பேசுச்சாமே, நிஜமா?

நிஜம். 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அப்போதைய இலங்கை நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன, வெறுப்பை வெறுப்பால் தணிக்க முடியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, இலங்கை நஷ்ட ஈடு கேட்காது என்று அறிவித்தார். ஜப்பானில் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். தமிழர்கள் அவரை நினைப்பது 1983-ஐ வைத்துத்தான், எனவே இந்த மேற்கோளைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வாய் கசக்கும். இந்தியா அந்த மாநாட்டுக்கே போகவில்லை. 1952 ஜூனில் தனி ஒப்பந்தம் போட்டு, அதுவும் நஷ்ட ஈட்டை விட்டுக்கொடுத்தது.

11. அணுகுண்டு போட்டதுக்கு அமெரிக்கர்கள் வருத்தப்பட்டாங்களா?

1945 ஆகஸ்டில் 85 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2015-இல் பியூ நிறுவனம் கேட்டபோது, நியாயம்தான் என்றவர்கள் 56 சதவீதம். எழுபது வருடத்தில் இவ்வளவுதான் இறங்கியிருக்கிறது.

ஆனால் குண்டு சரியா தப்பா என்பது வேறு, குண்டடிபட்டவர்மேல் இரக்கம் வேறு. 1946 ஆகஸ்டில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகை ஓர் இதழ் முழுவதையும் ஹிரோஷிமாவில் தப்பிய ஆறு பேரின் கதைக்கே ஒதுக்கியது. ஜான் ஹெர்ஸி எழுதியது. கடைகளில் அன்றே தீர்ந்தது. எரிந்த நகரத்துக்குப் பெயரும் முகமும் வந்தது அதிலிருந்துதான்.

1955 மே மாதம், குண்டில் முகமும் கையும் சிதைந்த 25 இளம்பெண்கள் அறுவைசிகிச்சைக்காக நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு வந்தார்கள். சிகிச்சைகளுக்கு நடுவே, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் குடும்பங்களின் வீடுகளில் தங்கினார்கள். அதே மாதம், அவர்களை அழைத்துவந்த பாதிரியார் டானிமோட்டோவை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்காரவைத்து, குண்டு போட்ட விமானத்தின் துணை விமானி ராபர்ட் லூயிஸை முன்னறிவிப்பில்லாமல் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பெண்கள் திரைக்குப் பின்னால் நிழலுருவமாக மட்டும் காட்டப்பட்டார்கள். இன்று பார்த்தால் கூசுகிறது. ஆனால் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சிகிச்சைக்காகப் பணத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

அரசு மன்னிப்புக் கேட்டதா? இல்லை. 2016 மே 27 அன்று ஹிரோஷிமா சென்ற ஒபாமாவும் கேட்கவில்லை.

12. ஜப்பான்கிட்ட கைதியா இருந்த சிப்பாய்ங்க மன்னிச்சாங்களா?

சிலர் மன்னித்தார்கள், பலர் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது. ஜப்பானிடம் பிடிபட்ட சுமார் 27,000 அமெரிக்கப் படையினரில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் சிறையிலேயே இறந்தார்கள். ஜெர்மனியிடம் பிடிபட்டவர்களில் இறந்தது ஒரு சதவீதம் அளவில். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்க் கூலிகள் கொத்துக்கொத்தாக மாண்ட அதே சயாம் மரண ரயில்பாதையில், டெக்சஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த அமெரிக்கக் கைதிகளும் கல் உடைத்தார்கள்.

ஒன்பதாவது பதிலில் சொன்ன அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். 1951 சமாதான ஒப்பந்தத்தில் அமெரிக்கா நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததால், பிற்காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள்மீது இவர்கள் போட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. 2009-இல்தான் ஜப்பான் தூதர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். 2015-இல் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் தன் சுரங்கத்தில் வேலை வாங்கப்பட்ட 94 வயது முன்னாள் கைதியின் முன் தலைகுனிந்தது.

13. அறுபதுகள்ல எல்லாம் சரியாயிடுச்சுன்னா, எண்பதுகள்ல ஏன் மறுபடி ஜப்பான் எதிர்ப்பு?

கார்தான் காரணம். ஜப்பான் ஏழையாக இருந்தவரை அதன்மேல் அன்பு காட்டுவது சுலபம். 1980-இல் கார் உற்பத்தியில் அமெரிக்காவையே முந்தியது. டெட்ராய்ட்டில் வேலை போனவர்கள் ஜப்பானியக் கார்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். 1987-இல், தோஷிபாவின் துணை நிறுவனம் சோவியத்துக்கு இயந்திரம் விற்றதற்காக, காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் நாடாளுமன்றப் புல்வெளியிலேயே தோஷிபா ரேடியோவை அடித்து நொறுக்கினார்கள். 1989-இல் ராக்ஃபெல்லர் சென்டரை மிட்சுபிஷி எஸ்டேட் வாங்கியபோது நாடே பறிபோன மாதிரிக் கூச்சல். அந்த நேரத்தில் அமெரிக்காவில் அதிகம் முதலீடு செய்திருந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இதில் பலியானவர் ஜப்பானியரே அல்ல. 1982 ஜூனில் டெட்ராய்ட் அருகே வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை, கார் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவரும் அவருடைய வளர்ப்பு மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்தே கொன்றார்கள். சில நாட்களில் அவருக்குக் கல்யாணம் நடக்க இருந்தது. கொன்றவர்களுக்கு 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் காவலும். சிறை இல்லை.

14. ரீகன் கொடுத்த 20,000 டாலர் அணுகுண்டுக்கான நஷ்ட ஈடுதானே?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் முதல் பதிலில் இரண்டு கூட்டத்தாரைப் பிரித்துச் சொன்னேன். இது நாலாவது கேள்வியில் வந்த முகாம்வாசிகளுக்கானது. 1980-இல் அமைத்த விசாரணைக் குழு, இனத்துவேஷமும் போர்வெறியும் அரசியல் தலைமையின் தோல்வியுமே முகாம்களுக்குக் காரணம் என்று எழுதியது. 1988 ஆகஸ்ட் 10 அன்று ஜனாதிபதி ரீகன் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உயிரோடு இருந்த 82,000-க்கும் மேற்பட்டோருக்கு மன்னிப்புக் கடிதமும் 20,000 டாலரும் கிடைத்தன. முதல் காசோலை 1990-இல். முதல் தலைமுறையில் பெரும்பாலோர் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

ரீகனுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1945 டிசம்பரில் ஜெனரல் ஸ்டில்வெல், இத்தாலியில் இறந்த கசுவோ மசூடா என்ற 442 வீரரின் பதக்கத்தை, கலிபோர்னியாவில் மிரட்டலுக்கு ஆளாகியிருந்த அவர் குடும்பத்திடம் நேரில் போய்க் கொடுத்தார். அன்றைய கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவர் கேப்டன் ரீகன். கையெழுத்திடும்போது அதை அவரே நினைவுகூர்ந்தார்.

பெரு போன்ற நாடுகளிலிருந்து அமெரிக்கா பிடித்துவந்து அடைத்த 2,200 பேர் அளவிலான ஜப்பானிய வம்சாவளியினர் இதில் விடுபட்டார்கள். வழக்குப் போட்ட பிறகு 1998-இல் ஆளுக்கு 5,000 டாலர் என்று முடித்தார்கள்.

15. முகாம்ல அடைச்சது செல்லும்னு சொன்ன தீர்ப்பை ரத்து பண்ணிட்டாங்களா?

வெளியேற்ற உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் கைதான ஃபிரெட் கொரெமாட்சுவின் வழக்கில் 1944-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் கேட்கிறீர்கள். அவருடைய தண்டனையை 1983-இல் ஒரு நீதிமன்றம் நீக்கியது, தீர்ப்பு அப்படியே நின்றது. 2018-இல் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அது அன்றே தவறான தீர்ப்பு என்று எழுதினார். எழுதியது எந்த வழக்கில் என்றால், பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்தவர்கள் நுழைய ட்ரம்ப் போட்ட தடை செல்லும் என்று சொன்ன வழக்கில். பழைய தவறையே புது உறையில் போட்டிருக்கிறீர்கள் என்ற தொனியில் நீதிபதி சோட்டோமேயர் அங்கேயே மறுப்பு எழுதினார்.

16. நான் கலிபோர்னியாவுலதான் இருக்கேன். நேர்ல பார்க்க ஏதாவது இருக்கா?

மான்சனார் முகாம் 1992 முதல் தேசிய வரலாற்றுத் தலம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 395-ஆம் நெடுஞ்சாலையில் காரில் நாலு மணி நேரம் பிடிக்கும். மறுபடி கட்டிவைத்த குடியிருப்புக் கொட்டகைகளையும், மறைப்பே இல்லாமல் வரிசையாகக் கோப்பைகள் வைத்த பெண்கள் கழிப்பிடத்தையும் தவறவிடாதீர்கள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை வருடாந்திரக் கூடுகை நடக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம். கோடையில் போனால் தண்ணீர் நிறைய எடுத்துப்போங்கள், அங்கே நிழலே கிடையாது. அவ்வளவு தூரம் முடியாதென்றால் லாஸ் ஏஞ்சலிஸ் லிட்டில் டோக்கியோவில் ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது.